மண்டூர்த் துறையிலிருந்து அல்சைமர் ஆய்வாளர்களுக்கு

அல்சைமர் நோயை வேளைக்கே கண்டுபிடிக்கவும் வராமல் தடுக்கவும் உழைக்கும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சுவீடனில் இருக்கலாம், அமெரிக்காவில் இருக்கலாம், எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கலாம். எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். எங்கள் ஊர்களையும் உங்கள் ஆய்வுக்குள் எடுங்கள். எடுக்கும்போது, பள்ளிக்கூடம் போகாதவர்களின் ஞாபகத்தையும் சரியாக அளக்கக்கூடிய சோதனையோடு வாருங்கள்.

உங்கள் துறையில் நடப்பதை முடிந்தவரை வாசித்து வருகிறேன். லெக்கனமாப் மருந்துக்கு 2023இலும் டொனனெமாப் மருந்துக்கு 2024இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயை நிறுத்த முடியாவிட்டாலும் அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. 2025 மே மாதம், அறிகுறி உள்ளவர்களுக்கான முதல் இரத்தப் பரிசோதனைக்கும் அங்கே அனுமதி வந்தது. பி-டாவு 217 என்ற புரதத்தையும் இந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டையும் இரத்தத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனை அது. முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியதை, கையில் எடுக்கும் இரத்தத்தில் பார்க்கலாம் என்பது எங்களைப் போன்ற இடங்களுக்குப் பெரிய விஷயம். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நாங்கள். விரல் நுனியில் எடுத்த இரத்தத் துளியை அட்டையில் காயவைத்து அனுப்பும் முறையையும் உங்களில் சிலர் சோதித்து வருகிறீர்கள். அந்த வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தப் புரதத்தின் அளவு கூடிக் காட்டும் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் சீனி வருத்தமும் பிறசரும் இல்லாத வீடு அரிது. நெடுநாள் சீனி வருத்தம் சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும். ஐரோப்பியர்களிடம் பார்த்து வைத்த எல்லைக் கோட்டை அப்படியே கொண்டுவந்து எங்கள் தாய்மாருக்குப் போட்டால், நோய் இல்லாதவரையும் நோயாளி என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் சோதித்துப் பார்க்காமல் இந்தக் கோட்டைச் சரிசெய்ய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரத்தத்துக்கு முன்னால் வாய்க்கேள்விச் சோதனை இருக்கிறது. என் மனக்குறை அதிகமும் அதில்தான். ஞாபகத்தையும் அறிவாற்றலையும் அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் மோகா (MoCA) சோதனையில் 30 புள்ளி. தமிழிலும் இருக்கிறது. கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்கும் வடிவமும் உண்டு. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பது வழமையான விதி. யோசித்துப் பாருங்கள். 12 வருடம் படித்தவருக்கும் ஒரு புள்ளி, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவருக்கும் அதே ஒரு புள்ளி.

என் அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு மறதி தொடங்கிய காலத்தில் இப்படியொரு சோதனை வைத்தார்கள். பென்சிலைப் பிடிக்கவே கூச்சப்பட்டார். புள்ளி குறைந்தது. மறதி வருவதற்குப் பத்து வருடம் முன்னால் வைத்திருந்தாலும் அவர் கனசதுரம் வரைந்திருக்க மாட்டார். அப்போ அந்தப் புள்ளி எதைச் சொல்கிறது? மறுபக்கமும் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதே மாதிரிச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தார். வீட்டுக்காரர் நிம்மதியாக இருந்தார்கள். அதே காலத்தில்தான் அவர் சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நிற்கத் தொடங்கியிருந்தார்.

அம்மாவிடம் மாற்றம் தெரிந்த இடங்கள் வேறு. எங்கள் பக்கத்தில் தாய்வழியாக வரும் குலங்களைக் குடி என்போம், அந்தக் குடி வழமை இன்னும் இருக்கிறது. யார் எந்தக் குடி, யாருக்கு யார் மச்சான், யார் மாமி, யாரோடு சம்பந்தம் செய்யலாம் என்பதெல்லாம் அம்மாவின் விரல் நுனியில் இருந்தது. கல்யாணப் பேச்சு என்றால் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். பழைய உறவுகளை இன்றைக்கும் சரியாகச் சொல்வார். அண்மையில் நடந்த கல்யாணங்களும் பிறந்த பிள்ளைகளும்தான் அவரிடம் தங்கவில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். கடையில் மீதிக் காசு வாங்காமல் வந்தார். வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மனுக்குப் பாடும் குளிர்த்திப் பாட்டைப் பிசகாமல் பாடினார். "இவவுக்கு எங்க மறதி?" என்று சொந்தக்காரர் எங்களைத்தான் கேட்டார்கள். இந்த நோய் முதலில் பிடிப்பது புதிய ஞாபகத்தைப் பதிய வைக்கும் இடத்தை. அதனால் பழைய பாட்டு நிற்கும், காலைச் சாப்பாடு நிற்காது. இதை வீட்டுக்காரருக்கு யாராவது விளங்கப்படுத்தியிருந்தால், "வயசு போனா அறளை பெயரும்தானே" என்று நாங்கள் அவ்வளவு காலம் சும்மா இருந்திருக்க மாட்டோம்.

ஆகவே உங்கள் கேள்விகளை இந்த வாழ்க்கையிலிருந்து எடுங்கள். பருவகாலம் கேட்பதென்றால் மாரியா கோடையா என்று கேளுங்கள், வயலில் இப்போது விதைப்பா அறுவடையா என்று கேளுங்கள். மருதமுனையில் தறியில் இருந்த பெண்ணிடம் நெசவைப் பற்றிக் கேளுங்கள். பன்பாய் இழைப்பவரிடமும், வலை பொத்துபவரிடமும் அவரவர் கைவேலையில் என்ன தடுமாற்றம் என்று கேளுங்கள். வயதைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களும் 1978 சூறாவளியின்போது எந்தப் பிள்ளை கையில் இருந்தது, 2004 சுனாமியின்போது எங்கே நின்றோம் என்று சொல்வார்கள். படிப்பில்லாதவர்களுக்கும் பொருந்தும் வழி கண்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள். 10/66 ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர்ப் பக்கக் கிராமங்களிலும் அப்படித்தான் வேலை செய்தது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளர்ந்துவரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்பதால் வந்த பெயர் அது. கடல் கடந்து இங்கேயும் அந்த முறை வரட்டும்.

வீட்டுக்காரரிடம் விசாரிப்பது நல்ல முறைதான். ஆனால் எங்கள் வீடுகளில் யாரிடம் விசாரிப்பீர்கள்? இங்கே வீடு மகளுக்குப் போகும், தாய் மகளோடுதான் இருப்பார். அந்த மகள் பல வீடுகளில் குவைத்திலோ கட்டாரிலோ வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பேரப்பிள்ளைகளை வளர்ப்பது அம்மம்மா. அவருக்கு மறதி தொடங்கினால் முதலில் காண்பது பத்து வயதுப் பிள்ளை. இரண்டாவதாகத் தெரிவது, வட்ஸ்அப்பில் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கும் தாயின் குரலைக் கவனிக்கும் தூரத்து மகளுக்கு. உங்கள் விசாரணைப் படிவத்தில் இந்த இரண்டு பேருக்கும் இடம் வேண்டும். மகளோடு தொலைபேசியில் பேசலாம். பிள்ளையிடம் பயப்படுத்தாமல் கேட்கலாம்.

இனித் தடுப்பு. மூளையில் படிவு தொடங்கி மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் ஆகலாம் என்கிறீர்கள். அப்படியென்றால் இன்றைக்கு 45, 50 வயதில் இருப்பவர்களைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அவர்கள் யார்? 1990 யுத்தப் பிரச்சினையின்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள். இடம்பெயர்ந்து, படிப்பு அறுந்து, பலர் திரும்பப் பள்ளிக்கூடம் போகவேயில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மறதி நோய்க்குச் சொன்ன 14 ஆபத்துக் காரணிகளை எடுத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. படிப்புக் குறைவு, தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை, சீனி, பிறசர், கெட்ட கொழுப்பு, கவனிக்காத காதும் கண்ணும். எங்கள் தலைமுறையின் சரித்திரத்தையே யாரோ பட்டியல் போட்டது போல இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இழந்த படிப்பைத் திருப்பித் தர யாராலும் முடியாது. மிச்சத்தில் பலதைச் செய்யலாம்.

அதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியோடு சீனிக்கும் பிறசருக்கும் குளிசை எடுக்க வரிசையில் நிற்கிறார்களே, அவர்கள்தான் உங்கள் ஆட்கள். 35 வயது கடந்தவர்களைப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களும் இருக்கின்றன. அங்கேயே காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பாருங்கள். 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், காது கேட்கும் கருவி கொடுத்தபோது எல்லோருக்கும் பொதுவாகப் பலன் தெரியவில்லை. ஆபத்துக் கூடியவர்களிடம் மட்டும் மூன்று வருடத்தில் அறிவாற்றல் வீழ்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆபத்துக் கூடியவர்கள் எங்கள் வரிசைகளில் நிறைய இருக்கிறார்கள். பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வு 1260 பேரோடு செய்தது போல, சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இங்கேயும் செய்து பார்க்கலாம். கணினிப் பயிற்சிக்குப் பதிலாக எங்கள் ஆட்கள் கூடிச் செய்யக்கூடியது எது என்று கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடமும் மாதர் சங்கங்களிடமும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு படிவங்களோடு இங்கே பலர் வந்தார்கள். எங்கள் துக்கத்தை எழுதிக்கொண்டு போனார்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் குறைவு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இரத்தம் எடுத்தால் அது எங்கே போகிறது என்று சொல்லுங்கள். நோய் தொடங்கியிருப்பது தெரிந்தால், அதை அறிய விரும்புகிறாரா என்று முதலில் அவரிடமே கேளுங்கள், பிள்ளைகளிடம் பிறகு பேசலாம். ஆரம்பத்தில் அவருக்கு யோசித்து முடிவெடுக்கும் தெளிவு இருக்கிறது. காணி எழுதுவதா, யாரோடு இருப்பதா என்பதெல்லாம் அவர் வாயால் வரவேண்டியவை. சொன்ன பிறகு அவரைக் கவனிக்க இந்த மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் ஆய்வு தொடங்கும் முன்னே மருத்துவர்களோடும் தாதிமாரோடும் பேசி ஒழுங்கு செய்துவிட்டு வாருங்கள்.

மாரியில் எங்கள் பாதைகள் வெள்ளத்தில் மூடும். பெரும்போக அறுவடை முடிந்த பிறகு, பங்குனி சித்திரையில் வாருங்கள். வைகாசி பிறந்தால் எல்லோரும் கோயிலில் நிற்பார்கள். கேள்விகளை எங்கள் பேச்சுக்குத் திருத்த ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். என்னைப் போல இன்னும் பல மகள்மாரும் வருவார்கள்.

அன்புடன்,
மண்டூர்ப் பக்கத்து மகள் ஒருத்தி