முகப்போடு நிறுத்திவிடாதீர்கள்

எல்லை ஊர்களின் பழைய ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். பிரனீஸ் மலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, கன்ஃபிராங்க் என்றொரு ஸ்பானியச் சிற்றூர் இருக்கிறது. 1928 ஜூலை 18 அன்று அங்கே திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் நீளம் 241 மீட்டர். ஊரையே உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம் போல! பார்க்க வருகிறவர்கள், என்ன ஆடம்பரம் என்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆடம்பரம் இருந்ததுதான், ஆனால் அதற்குள் ஒரு வேலையும் இருந்தது. பிரெஞ்சுத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். ஸ்பானியத் தண்டவாளம் அதைவிட ஏறக்குறைய ஒரு சாண் அகலம் கூடுதல். அங்கிருந்து வந்த வண்டி இங்கே ஓடாது. ஆகவே பயணி ஒரு பக்கம் இறங்கி, கட்டிடத்துக்குள் புகுந்து, சுங்கத்தையும் போலீசையும் கடந்து, மறுபக்கம் போய் வேறு வண்டி ஏற வேண்டும். சரக்கும் அப்படித்தான் கைமாறியது. அந்தக் கட்டிடமே ஒரு எல்லைக்கோடு.

1970 மார்ச்சில் பிரெஞ்சுப் பக்கம் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு பாலம் இடிந்தது. எல்லை தாண்டும் ரயில் அன்றோடு நின்றுபோனது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்த நிலையம் 2023-இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது; ரயில்கள் இப்போது அருகிலுள்ள புதிய நிலையத்துக்கு வருகின்றன. இடிக்காமல் விட்டார்களே, அதற்கு ஒரு கும்பிடு. என் கவலையெல்லாம், இதைப் பார்த்து மற்ற ஊர்களில் முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெறிந்துவிடுவார்களோ என்பதுதான்.

போர்ச்சுகலின் விலார் ஃபொர்மோசோவைப் பாருங்கள். நிலையச் சுவரில் நாட்டின் காட்சிகளைத் தீட்டிய நீல ஓடுகள். 1940-இல் போருக்குத் தப்பி வந்த அகதிகள் நாட்டுக்குள் நுழைந்த வழி அது. அந்தக் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் இன்று நிலையத்தை ஒட்டியே இருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. எதிரெதிரே இரண்டு வாசல் இருந்தால் ஒன்றை அடைத்துவிடாதீர்கள். சுங்க மேசை மிஞ்சியிருந்தால், பெட்டிகள் உரசி உரசி மழுங்கிய அதன் விளிம்பை இழைத்துப் பளபளப்பாக்காதீர்கள். அந்தத் தேய்மானத்தை எந்தத் தச்சராலும் திரும்பச் செய்து தர முடியாது. இரண்டு மொழிகளில் எழுதிய பழைய பலகைகளை ஆணியோடு விட்டுவிடுங்கள். நடுச்சுவர் ஒன்று உங்கள் வரைபடத்தில் இடைஞ்சலாகத் தெரிந்தால், சிவப்புக் கோடு போடும் முன் பழைய வரைபடத்தை எடுத்து அதன் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். எல்லை அந்தச் சுவரில்தான் இருந்திருக்கலாம்.

இப்படிக்கு,
ரயில் நிலையங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் எடுக்கும் ஒருவன்