கொழும்பில் கேட்ட றகரம்

கொழும்பு – 06,
வெசாக் விடுமுறை நாள்.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். வாரந்தோறும் தொலைபேசியில் பேசிக்கொண்டாலும், நான் என்ன சாப்பிட்டேன், இரவில் கதவைத் தாழிட்டேனா என்று அம்மா கேட்பதிலேயே நேரம் முடிந்துவிடுகிறது. இங்கே பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலையைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வந்து நான்கு மாதங்களாகியும் எழுதாததற்கு நேரமின்மை காரணம் அன்று. உங்களிடம் சொல்லத் தகுந்த ஒன்று இப்போதுதான் என் மனத்தில் தெளிவாகியிருக்கிறது.

முதலில் அம்மாவுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே செல்லும் ஒரு குறுக்குத் தெருவில், ஒரு வீட்டின் மேல்மாடி அறை எனக்குக் கிடைத்திருக்கிறது. ரயில் பாதை கடலோரமாகவே போவதால் அதிகாலையில் அலைச் சத்தமும் ரயில் சத்தமும் சேர்ந்தே என்னை எழுப்புகின்றன. வதிவிட விசா கைக்கு வர இரண்டு மாதம் அலைய வேண்டியிருந்தது, அது முடிந்துவிட்டது. காலையில் இடியப்பமும் சொதியும், சில நாள் பாணும் (ரொட்டியை இங்கே பாண் என்பார்கள்) சம்பலும். சம்பலில் மாசிக் கருவாடு சேர்ப்பார்கள் என்பதால், வாங்குமுன் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்; எழுபது வயதைக் கடந்தவர். எல்லோரையும் போல நானும் அவரை அன்ரி என்றே அழைக்கிறேன். முதல் நாள் அவர் என்னை "பிள்ளை, நீர் சாப்பிட்டிட்டீரோ?" என்று கேட்டபோது ஒரு கணம் திகைத்துவிட்டேன். நம் பக்கத்தில் "நீர்" என்றால் சண்டைக்கு வந்தவரின் பேச்சு. இங்கே அது "நீ"யின் உரிமையும் "நீங்கள்" என்பதன் மரியாதையும் சேர்ந்த அன்பான சொல். "பிறகு கதைப்பம்" என்று அவர் சொன்னதும் அப்படியே. நம் ஊரில் கதைப்பது வீண்பேச்சு. இங்கே கதைப்பதுதான் பேசுவது. 1983 கலவரத்தில் வீட்டை இழந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் கொழும்புக்கு வந்தவர் அவர். அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

அவருடைய தகப்பனார் அரசாங்க எழுதுவினைஞர், அதாவது குமாஸ்தா. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபின், நடுத்தர வயதில் அவர் சிங்களப் பரீட்சைக்குப் படிக்க நேர்ந்ததாம். 1987இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. எங்கள் ஆசிரியர் அறையில் அந்தச் சொல்லின் பொருளைத் தினமும் பார்க்கிறேன்: சிங்கள ஆசிரியையும் தமிழ் ஆசிரியையும் முஸ்லிம் ஆசிரியரும் ஒரே மேசையில் பிளேன்ரீ குடித்தபடி ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். நம் ஊரில் நான் கற்பித்த ஆங்கிலம் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்கானது. இங்கே பக்கத்து வீட்டுக்காரரோடு பேசவே அது தேவைப்படுகிறது. ஆகவே பிள்ளைகளின் வாயைத் திறக்க வைப்பதுதான் என் முதல் வேலை.

அந்த வேலையில் நான் செய்த தவறு ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல விரும்பினேன். தரம் 6இல் (வகுப்பு என்பதை இங்கே தரம் என்பார்கள்) ஒரு பையன், ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தான். பத்தைக் குறிக்கும் சொல்லுக்கு மேல் "ரென்", மேசைக்கு மேல் "ரேபிள்", இன்னோரிடத்தில் "மார்க்கெற்". எழுத்தே தெரியாமல் குழம்பியிருக்கிறான் என்று நினைத்து, எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்து "டென்", "டேபிள்", "மார்க்கெட்" என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த இரண்டு வாரம் வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை.

எங்கள் பள்ளியின் மூத்த தமிழாசிரியை அந்தக் கொப்பியை (நோட்டுப் புத்தகத்தை) பார்த்துவிட்டு, கோபிக்காமல் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "பத்து, பட்டு, பற்று. மூன்றையும் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். நான் "பற்று" என்றபோது, நம் வழக்கப்படி றகரத்தோடு ரகர ஒலியும் கலந்து வந்தது. பிறகு அவர் சொன்னார். அவர் "பற்று" சொன்னபோது நாக்கின் நுனி மேற்பல்லுக்குப் பின்னால் ஈறு மேடாகும் இடத்தில் ஒட்டி விலகியது. அது தகரமும் அன்று, நாக்கை மடித்துச் சொல்லும் டகரமும் அன்று, அவை இரண்டுக்கும் நடுவே நிற்கும் தனி வல்லோசை. ஆங்கிலத்தின் "ரென்" தொடங்குவதும் சரியாக அதே இடத்தில்தான் அப்பா! றகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முதலில் ரகரமும் (அன்ரி என்பதில் போல னகர மெய்யை அடுத்தும் ரகரமே), மற்றபடி நடுவிலும் கடைசியிலும் றகரமும் இட்டு எழுதுகிறோம் என்று அவர் விளக்கினார். ரீச்சர், ரிக்கெற் என்ற எழுத்துமுறை அத்தனையும் அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது.

கல்லூரியில் ஒலியியல் படித்தவள் நான். அந்த ஒலி எங்கே பிறக்கிறது என்பதைப் புத்தகத்துப் படத்தில் காட்டுவேன்; என் வாயில் அது இருபது ஆண்டுகளாக டகரமாகவே இருந்திருக்கிறது. அந்தப் பையன் காதால் கேட்டுச் சரியாக எழுதியதை அடித்துவிட்டு, என் பிழையை அதன்மேல் எழுதியிருக்கிறேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்து, அந்தச் சொற்களை உரக்கப் படித்து எனக்குச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டேன். முதலில் தயங்கினான், பிறகு படித்தான். இப்போது தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒலியை "பற்று" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அவர்கள் வாயில் ஏற்கெனவே இருப்பதைச் சுட்டிக்காட்டினால் போதுமாக இருக்கிறது.

சிங்களப் பிள்ளைகளின் சிக்கல் வேறு. மின்விசிறியைச் சொல்லும்போது காற்றோடு வரவேண்டிய "ஃப" பலருக்குப் பகரமாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கான ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஓர் இகரம் தானாக வருகிறது. போர்த்துக்கீசரிடமிருந்து வந்த "இஸ்கோலே" என்ற சொல் அவர்கள் மொழியிலேயே இருப்பது நினைவுக்கு வந்தபின், அதையும் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தைச் சிங்களத்தில் "கடுவ", அதாவது வாள், என்று சொல்வார்கள் என ஒரு சக ஆசிரியை கூறினார். அது தெரிந்தவர் தெரியாதவரை வெட்டிவிடுவாராம். உச்சரிப்பு பிசகினால் கேலி செய்ய இங்கே தனிப் பட்டப்பெயரே உண்டு. இதையெல்லாம் கேட்டபின் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

அப்பா, ஐந்தாம் வகுப்பில் கசடதபற என்று மனப்பாடம் செய்தபோது, "றகரம் ரகரம் போலத்தானே ஒலிக்கிறது, அதை ஏன் வல்லினத்தில் வைத்தார்கள்?" என்று உங்களைக் கேட்டேன். இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது, படி என்றீர்கள். அந்த வல்லோசையை நான் முதன்முறையாகக் காதால் கேட்டது இங்கேதான். நீங்கள் முப்பது ஆண்டுகள் கற்பித்த எழுத்து என்பதால் உங்களுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைபேசியில் அழைக்கிறேன். அன்ரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். அவர் பத்து, பட்டு, பற்று மூன்றையும் சொல்வார். அம்மாவிடமிருந்து தொலைபேசியை வாங்கி நீங்கள் கேளுங்கள்.

உங்கள் அன்பு மகள்.