அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில், இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரான எங்களைப் பற்றி வந்த கட்டுரை நல்ல மனதோடு எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடுவில், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மலையக மக்களின் பிரஜாவுரிமை, அதாவது குடியுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. வாலிப வயதிலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். எங்களை உங்களுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

பழைய கதை உங்களுக்குத் தெரியாதது அல்ல. 1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தவர், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று அத்தாட்சி காட்டச் சொன்னார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பூட்டனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் எங்கள் ஆள் ஒருவர்கூடப் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரி அவர்களும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று வைத்துவிட்டு, 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். கூட்டுக் குடும்பத்துப் பாத்திரம் பண்டங்களைப் பிரித்துக்கொள்வதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள். பயத்தில் என் பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், அப்பா இங்கேயே நின்றார். பெரியப்பா தலைமன்னாரில் கப்பல் ஏறி, கோத்தகிரிப் பக்கம் போய், அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை செய்தார். அண்ணனும் தம்பியும் அதன் பிறகு சாகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

2003 சட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அது உரிமை தந்தது. எங்கள் தோட்டத்தில் அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கி அழுத கிழவிகளை நான் கண்டிருக்கிறேன். ஆனால் முற்றாக என்று எப்படி எழுதினீர்கள்? கலவரத்துக்குப் பயந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போன எங்கள் ஆட்களில் பலர் இன்றைக்கும் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. அவர்கள் உங்கள் கணக்கில் வரவில்லையா?

இங்கே இருக்கிறவர்கள் கதையைக் கேளுங்கள். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவன். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த ஒரு பிள்ளைக்கு அரசாங்க வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. லயத்தில் வீட்டு இலக்கம் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. அவள் கைக்கு அது வந்து சேர்ந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து மறுவாரம் ஆகியிருந்தது. நான் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "ஒருத்தரும் வந்து எடுக்கல்லியே சேர்" என்றார்கள். அவ்வளவுதான். கோபப்படக்கூட அங்கே ஆள் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறாள். வங்கிக்குப் போனாலும் கேட்பது விலாசத்தையும் காணி உறுதியையும், அதாவது நிலப் பத்திரத்தையும்தான்.

உள்ளூராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவு செய்யத் தடையாக நின்றது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். வாக்குப் போட்டு எங்கள் ஆளை அனுப்புவோம், ஆனால் அவரால் எங்கள் பாதைக்கு ஒரு கூடை சல்லிக்கல் போட முடியாது. முப்பது வருடம் இப்படியே போனது. சம்பளத்தைப் பற்றி நான் ஆரம்பிக்கவே இல்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது உங்கள் பத்திரிகையும் முதற்பக்கத்தில் செய்தி போட்டது. மலை சரியும் என்று முன்பே எச்சரிக்கை இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். எச்சரித்தால் அவர்கள் எங்கே போவது? காணி அரசினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது. லயம் இடிந்தால் பக்கத்தில் ஒரு கூரை போடவும் தோட்டத்து நிர்வாகியான துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். வீட்டுக்குக் காணி ஏழு பேர்ச்சஸ் தருவோம் என்கிறார்கள், பத்துப் பேர்ச்சஸ் தருவோம் என்கிறார்கள். உறுதி கையில் கிடைத்த வீடுகளை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் ஆட்கள் வந்து 200 வருடம் ஆனது என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோமே, அதில் காணியும் விலாசமும் கேட்டதை உங்கள் நிருபர் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையாளர் அதையாவது எடுத்துப் பார்த்திருக்கலாம்.

இப்படி ஒரு வரி அச்சில் வந்துவிட்டால், நாளைக்கு ஓர் அதிகாரி அதைக் காட்டியே கோப்பை மூடிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. ஆகவே அந்த வரிக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் பகுதி முதியவர்கள் பலருக்குப் பிறப்புப் பதிவு இல்லை. இருந்தாலும் அடையாள அட்டையில் ஒரு பெயர், ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிப் புத்தகத்தில் வேறு பெயர். அன்றைக்கு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார், இப்போது உழைத்த பணத்தை எடுக்க இவர்கள் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் அலைகிறார்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் என்னென்ன பத்திரம் வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்று எளிய தமிழில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். அதை வெட்டி எங்கள் வாசிகசாலையிலும் கோயிலடியிலும் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பொகவந்தலாவை.