தன்னம்பிக்கைக்கு எத்தனை மதிப்பெண்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் தொழில் தயார்நிலையை அளப்பது குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கிராமத்துப் பிள்ளைகளுக்கு முடிவெடுக்கும் தன்னம்பிக்கை போதவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிச் செல்கிறது. 28 ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பித்து, கடைசி 6 ஆண்டுகள் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்ற கூடுதல் பொறுப்பையும் சுமந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தொழில் தேர்வில் முடிவெடுக்கும் தன்னம்பிக்கையை அளக்கும் வினாத்தாள்களில் பெயர்பெற்றது, 1983-இல் அமெரிக்காவில் டெய்லர், பெட்ஸ் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்து உருவாக்கிய 50 வினா அளவுகோல் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்களுக்கு வந்த தாளும் அதே சாயல்தான்; ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 5 வரை வட்டமிடச் சொன்னது. வீட்டார் ஒப்பாவிட்டாலும் விரும்பிய படிப்பைத் தேர்ந்தெடுப்பேன் என்ற வரிக்கு எதிரே என் மாணவி ஒருத்தி முதலில் 5-ஐ வட்டமிட்டாள். அழித்து 3 என்றாள். மறுபடி அழித்து 1 என்றாள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. கூட்டிப் பார்த்தபோது அவளுக்குத் தன்னம்பிக்கை 'குறைவு'. தாய் படுக்கையில் கிடந்த அந்த ஆண்டில் பால் சங்கக் கணக்கைப் பார்த்ததும், எந்த மாட்டை விற்பது என்று முடிவு செய்ததும் அவள்தான். அதைக் கேட்கத் தாளில் இடமில்லை.

எங்கள் பள்ளியில் இருந்தவை இரண்டே குரூப்புகள். வணிகவியல் வேண்டுமென்றால் 14 கிலோமீட்டர் போக வேண்டும். எந்தக் குரூப் என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், எந்தப் பள்ளி என்பதை மாலைப் பேருந்தும் முடிவு செய்தபின், மாணவனுக்கு முடிவெடுக்கும் திறன் எவ்வளவு என்று நாங்கள் அளந்துகொண்டிருந்தோம்.

மேலிடத்துக்குக் கட்டுக் கட்டாக அனுப்பிய தாள்களுக்குப் பதிலாக, யாருக்கு எந்த வழியைக் காட்டலாம் என்று ஒரு வரிகூட எங்களுக்கு வந்ததில்லை. சராசரி குறைவு, விளக்கம் தருக என்ற கடிதம் மட்டும் தவறாமல் வந்தது. அடுத்த ஆண்டு, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், எல்லாரையும் 4-ஐ வட்டமிடச் சொன்னேன். எங்கள் பிள்ளைகளின் தன்னம்பிக்கை ஒரே ஆண்டில் உயர்ந்தது, பாராட்டும் வந்தது. கட்டுரையாளர் கையாளும் எண்களில் இப்படிப்பட்ட 4-கள் எத்தனை கலந்திருக்கும் என்பதை அவரே சொல்லட்டும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்சிஇஆர்டியும் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு, மாணவரின் இயல்பான திறன்களை அறியும் 'தமன்னா' நாட்டமறித் தேர்வைக் கொண்டுவந்தபோது, இதில் தேர்ச்சியோ தோல்வியோ இல்லை, இதைக் காட்டி எந்தப் பாடத்தையும் மாணவர்மீது திணிக்கக் கூடாது என்றார்கள். அந்த அளவு அடக்கத்தைத் தங்கள் இதழிடம் எதிர்பார்த்தது இந்த நீண்டகால வாசகனின் பிழையாகவே இருக்கட்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. இனி இத்தகைய அட்டவணையை வெளியிடும்போது, மாணவர் பெற்ற மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், அவர் படிக்கும் பள்ளியில் எத்தனை குரூப்புகள் உள்ளன என்று ஒரு கட்டம் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
தருமபுரி மாவட்டம்.