சிரித்துவிட்டுப் போன பெறாமகளுக்கு

அன்புள்ள பிள்ளை,

போன ஞாயிறு விறாந்தையில் இருந்து ‘நாம் இருவர்’ படம் பார்த்தோமே, இருபது நிமிஷத்தில் உனக்குப் பொறுமை போய்விட்டது. “சின்னம்மா, இவை ஏன் கதைக்காமல் பிரசங்கம் செய்யினம்?” என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கினவள், போகும்வரை நிறுத்தவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. வசனம் நீளந்தான்.

ஆனால் கோயிலடியில் காத்தவராயன் கூத்து விடியவிடியப் பார்த்தவள் நீ. கழுமரம் ஏறப் போகிறவன் ஏன் இவ்வளவு நேரம் பாடுகிறான் என்று அங்கே கேட்கவில்லையே. சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாய். அந்தக் காலத்துத் தமிழ்ப் படமும் மேடையில் இருந்து இறங்கி வந்ததுதான். ‘நாம் இருவர்’ கதையே முதலில் நாடகம். கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல், கமெரா பக்கத்தில் வந்து நின்றாலும் சட்டென்று தணியாது.

அந்தப் படத்தில் குமாரி கமலா ஆட, டி.கே. பட்டம்மாள் பாடும் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ வரும் நேரம் நீ தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாய். ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று பாரதி எழுதிய பாட்டு அது. அவர் 1921இலேயே போய்விட்டார். படம் வந்தது 1947 ஜனவரியில். இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது ஆகஸ்டில். இன்னும் கைக்கு வராத ஒன்றை வந்துவிட்டது என்று பாடுகிறார்கள், சனமும் காசு கொடுத்து வந்திருந்து கேட்கிறது. அந்தத் துணிச்சலுக்காகவே இந்தப் படத்தின் எல்லா நாடகத்தனத்தையும் நான் மன்னித்துவிடுவேன்.

‘தியாக பூமி’ இதைவிட மெதுவாகப் போகும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 1939இல் கே. சுப்ரமணியம் எடுத்தது. கல்கியின் கதை, படத்தில் எடுத்த புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். நடிப்பு என்று பார்த்தால் சுமார், பாடத் தொடங்கினால் வேறு ஆள். என்னைப் பிடித்து நிறுத்தியது சாஸ்திரியின் மகளாக வரும் சாவித்திரிதான். துரத்திவிட்ட புருஷன், அவள் பணக்காரியான பிறகு சேர்ந்து வாழ வா என்று வழக்குப் போடுகிறான். வர மாட்டேன், வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள். 1939இல்! கடைசியில் அவளைச் சுதந்திரப் போராட்டத்துக்கு அனுப்பிக் குடும்பச் சிக்கலைச் சமாளித்துவிடுகிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அப்புறம் வெள்ளைக்காரன் படத்தைத் தடை செய்தான். தடை வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாக ஓட்டினார்கள். சனம் நெரிந்தது, பொலிஸ் தடியடி நடத்தியது. நீ சிரிக்கிற அதே மாதிரியான வசனங்களுக்காக அடி வாங்கியிருக்கிறார்கள்.

“அது அவையின்ரை நாடு, எங்களுக்கு என்ன?” என்றும் கேட்டாய். நியாயமான கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. 1927இல் யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ் அழைத்து காந்தி இங்கே வந்தார். பாரதி பாட்டை நாங்கள் பள்ளிக்கூடத்தில் எங்களுடையது என்றுதான் பாடினோம். அதே பாரதி எங்கள் தீவைச் சிங்களத் தீவு என்று எழுதிய வரி வரும்போது தொண்டையில் ஏதோ சிக்கும். இரண்டும் எனக்குள் இருக்கிறது.

சரி, வருகிற ஞாயிறு ‘கப்பலோட்டிய தமிழன்’ போடப் போகிறேன். 1961இல் வந்தது, இவ்வளவு பழசில்லை. வ.உ.சி.யின் கப்பல் தூத்துக்குடியில் இருந்து ஓடியது எங்கள் கொழும்புக்குத்தான். வரும்போது பருத்தித்துறை வடை வாங்கி வா. சிவாஜி உரத்துப் பேசும் இடங்களில் தாராளமாகச் சிரி. செக்கிழுக்கும் இடத்தில் மட்டும் என் முகத்தைப் பார்க்காதே, நான் அழுதுகொண்டிருப்பேன்.

அன்புடன்,
சின்னம்மா