குளம் வற்றும் மாதத்தில் வா

திண்டுக்கல்
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உறையின் மேல் முகவரியைப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிட்டது. ‘ழ’வுக்கு நீ இழுக்கும் நீண்ட வால் இன்னும் அப்படியே இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குத் தை மாதம் காதுகுத்து முடிந்தது. எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. கரைமேல் ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னார். குளத்துக்குப் போகாமல் என்னால் இருக்க முடியாது என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தொழில் நிறுவனங்களோடும் ஊர் அமைப்புகளோடும் உங்கள் பல்கலைக்கழகம் எப்படி உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று திட்டம் எழுதும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். “நீ வெளியில் நிற்பவள், உனக்குத்தான் உள்ளது உள்ளபடி தெரியும்” என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். நாம் இருவரும் படித்த இடத்திலிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது.

1987இல் அம்பாத்துரை ஸ்டேஷனில் இறங்கி, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காந்திகிராமத்துக்கு நடந்த காலையை நீ மறந்திருக்க மாட்டாய். எதிரே சிறுமலை மஞ்சு மூடிக் கிடந்தது. அப்போது அது நமக்கு ஒரு கல்லூரி, அவ்வளவுதான். அது வந்த வழியைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். காந்தியவாதிகளான டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிப் பக்கம் வந்தபோது பட்டப்படிப்பு தொடங்க வரவில்லை. பிரசவத்துக்கு வழியில்லாத பெண்களுக்கு மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி, கைகளுக்குக் கதர் வேலை என்று ஒவ்வொன்றாக வந்தது. கிராமியக் கல்வி நிலையம் 1956இல்தான் பிறந்தது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஊருக்குச் செய்த வேலை முதலில், பல்கலைக்கழகம் பிறகு. அந்த வரிசையை மற்ற பல்கலைக்கழகங்கள் பிடிக்க முடியாது என்பது உண்மைதான். அவை கட்டடத்திலிருந்து தொடங்கியவை. ஆனால் ஊருக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஊருக்கு என்ன வேண்டும், பிறகு மாணவருக்கு என்ன மதிப்பெண்.

இது தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். வீடு வீடாகப் போய்க் குடிநீர், கழிப்பறை, வருமானம் என்று நாற்பது கேள்விகள் கேட்டார்கள். எங்கள் மகளிர் குழுப் பெண்கள் வேலைக்குப் போகாமல் அவர்களோடு தெருத் தெருவாக நடந்தார்கள், ஒரு வாரம் சமைத்துப் போட்டார்கள். கடைசி நாள் மேடை போட்டு, சால்வை போர்த்தி, படம் எடுத்தோம். அறிக்கை வரும் என்றார்கள். வரவில்லை. நான் மூன்று முறை கடிதம் எழுதினேன். பொறுப்பாசிரியர் மாறிவிட்டார் என்று பதில் வந்தது. மறு வருடம் இன்னொரு கல்லூரி வந்தபோது தெருக்கோடிப் பாட்டி ஒருத்தி அவர்களை நிறுத்தி, “போன தடவை எழுதிக்கொண்டு போனதை முதலில் படித்துக் காட்டுங்கள், அப்புறம் கேளுங்கள்” என்றாள். நான் தலை குனிந்து நின்றேன். அவர்களை அழைத்து வந்தவள் நான்தானே.

ஆகவே உன் திட்டத்தில் வேறு எது இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்: ஊரில் எழுதிக்கொண்டு போனது எதுவாக இருந்தாலும், தமிழில், நான்கு பக்கத்துக்குள், ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட்ட பிறகுதான் மாணவருக்கு மதிப்பெண். கிராம சபையில் வாசித்தால் இன்னும் நல்லது, தீர்மானத்தில் ஏறும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இன்றும் வருடத்துக்கு 120 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று நடக்கிறது. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியான் 2014இல் வந்தது. சேரும் ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்கிறது. எனக்கு அந்தத் ‘தத்தெடுப்பு’ என்ற சொல்லே பிடிக்கவில்லை. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும் ஊரை யார் தத்தெடுப்பது? ஆனாலும் திட்டங்களுக்குக் குறைவில்லை, மணி நேரத்துக்கும் குறைவில்லை. போன வருடம் வந்த ஆசிரியரே இந்த வருடமும் வருகிறாரா என்பதைத்தான் ஊர் பார்க்கிறது.

அடுத்தது காலக்கணக்கு. இதை யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் குளத்தில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது, மடை எந்த மட்டத்தில் இருக்கிறது, வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். அளந்து வரைபடம் இருந்தால்தான் வட்டாட்சியரிடம் வண்டல் அள்ள அனுமதி கேட்கும்போது எங்கிருந்து எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியும். கண்ட இடத்தில் தோண்டினால் குளத்துக்குள் குழி விழுந்து, தண்ணீர் மடைக்கு ஏறாது. இந்த அளவையைச் சிவில் பொறியியல் மாணவர்கள் நான்கு பேர் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் குளம் வற்றுவது சித்திரையிலும் வைகாசியிலும். அப்போது உங்களுக்குத் தேர்வு, பிறகு விடுமுறை. நீங்கள் களப்பணிக்கு மாணவர்களை அனுப்பும் ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்து கிடக்கும், எங்கள் பெண்கள் நடவிலும் களையெடுப்பிலும் இருப்பார்கள். இப்படி இரண்டு காலண்டர்களும் ஒன்றையொன்று பாராமலே முப்பது வருடமாக ஓடுகின்றன. கோடை விடுமுறையில் செய்யும் களப்பணிக்கும் கிரெடிட் உண்டு, அதுவும் படிப்புக் கணக்கில் சேரும் என்று உங்கள் கல்விக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் போதும். அது நூறு ஒப்பந்தங்களுக்குச் சமம்.

ஒப்பந்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் அலமாரியில் கையெழுத்தாகிக் கிடக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களைப் பற்றி எழுதியிருந்தாய். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் ‘நாக்’ (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் அவற்றின் எண்ணிக்கைக்கு இடம் இருக்கும்வரை அவை பெருகத்தான் செய்யும். அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வேலையாவது சேர்ந்து செய்து முடித்த பிறகே கையெழுத்து என்று வைத்துக்கொள்ள முடியுமா பார். ஒன்றாக ஒரு வேலை செய்தால்தான் எதிராளி எப்படிப்பட்டவர் என்று இருவருக்கும் தெரியும்.

பூட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகல் நகரில் இன்னும் சில பட்டறைகள் இருக்கின்றன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், குறும்படம் எடுக்க மாணவர்கள் வந்தார்கள். அரம் பிடித்த கையைப் பல கோணங்களில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம், “உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று நான் கேட்டேன். அவர் சற்று யோசித்து, “ஒரு பூட்டுக்கு நான் என்ன விலை சொல்ல வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டுத் தர வேண்டும்” என்றார். இரும்பு எவ்வளவு, பித்தளை எவ்வளவு, அராவுவதற்கு எத்தனை மணி நேரம், அவர் மனைவி செய்யும் வேலைக்கு என்ன கூலி என்று அவர் ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை. அலிகார் பூட்டின் விலையைப் பார்த்து, அதற்குக் கீழே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். இதற்கு ஆராய்ச்சி மையம் வேண்டாம். அடக்கவிலைக் கணக்கு படிக்கும் இரண்டு வணிகவியல் மாணவிகள் ஒரு மாதம் அவர் பட்டறையில் உட்கார்ந்தால் போதும். புவிசார் குறியீட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு பூட்டுக்காரரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிய வேண்டும்; அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தர சட்டம் படிக்கும் ஒருவர் போதும். உங்களிடம் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். பெரியவருக்கு உங்கள் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது, அதுதான் குறை. பல்கலைக்கழக நுழைவாயிலில் காவலர் “யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டால் சொல்ல அவருக்கு ஒரு பெயர் வேண்டும். ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், வாரத்தில் ஒரு நாள், தமிழில் பேசும் ஒரு ஆள். முதலில் இதை ஏற்பாடு செய்.

தொழில் நிறுவனங்கள் பற்றி எனக்குக் குறைவாகவே தெரியும். ஆனால் எங்கள் குழுப் பெண்களின் மகள்கள் வேலைக்குப் போகும் இடங்கள் அவை. அந்த வழியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பக்கத்திலேயே ஏ.சி. (அழகப்பச் செட்டியார்) தொழில்நுட்பக் கல்லூரி. தோல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே பாடம் படிக்கிறார்கள். தோல் பதனிடுவோர் தங்கள் சிக்கலோடு வருவதும் அதே வளாகத்துக்குத்தான். படிப்பவர், ஆராய்பவர், தொழில் செய்பவர் மூவரும் நடந்து போகும் தூரத்தில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம்! இதற்கு எதிர்மாறானது, வருடத்துக்கு ஒரு முறை பேருந்தில் போய் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போளி தின்றுவிட்டு வரும் தொழிற்சாலைப் பயணம்.

ஒரு மாத இன்டர்ன்ஷிப்பை நிறுவனங்கள் பாரமாகவே நினைக்கின்றன. பிள்ளைக்கு வேலை பிடிபடுவதற்குள் மாதம் முடிந்துவிடும். ஆறு மாதமோ ஒரு வருடமோ என்றால், உதவித்தொகையோடு வேலை பழகுவோருக்கான அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 1961இல் வந்த சட்டம். 2019 திருத்தத்துக்குப் பின், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைகள் விரும்பினால் சேர்க்கலாம். பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. தென் மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் வேடசந்தூர்ப் பக்கத்துச் சிறு முதலாளிகள் பலருக்கு இது தெரியாது. பதிவு செய்வதற்கு உட்கார ஆள் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் அந்த எழுத்து வேலையை ஏற்றுக்கொண்டால், பத்து முதலாளிகள் தாமாகவே வருவார்கள்.

இங்கே நான் கண்டிப்பாக ஒன்று சொல்வேன். பயிற்சி என்ற பெயரில் எங்கள் பெண்ணொருத்தியை ஒரு நூற்பாலை சேர்த்துக்கொண்டது. மூன்று மாதம் இரவு ஷிப்டில் ஒரே இயந்திரத்தின் முன் நின்றாள். கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவும் விடவில்லை. அவளை நான்தான் போய் அழைத்து வந்தேன். அவள் கல்லூரியிலிருந்து ஒருவர்கூட அந்த மூன்று மாதத்தில் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே விடுதியை நீங்களே நேரில் பாருங்கள். பணம் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்கில் விழ வேண்டும். மாதம் ஒரு முறை ஆசிரியர் போக வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல். பெரிய நிறுவனம், நன்கொடை தருபவர் என்று பார்த்து இதில் தளர்ந்துவிடாதே. தளர மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே இடம் கொடுப்பதைப் பற்றியும் யோசி. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைக்கு ஒரு நாற்காலி உண்டு. அதில் யார் அமர்கிறார்? பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஒரு பெரிய நிறுவன அதிகாரி, கூட்டத்துக்கு வராமலே கையெழுத்து அனுப்புகிறவர். அந்த நாற்காலியில் இருபது கிலோமீட்டருக்குள் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை உட்கார வை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் கொண்டுவந்த தொழில்முறைப் பேராசிரியர் பணியிடமும் இருக்கிறது. 15 வருட அனுபவம் போதும், முனைவர் பட்டம் தேவையில்லை, மொத்தப் பணியிடங்களில் பத்து சதவீதம் வரை நியமிக்கலாம். ஊரக வளர்ச்சி, நீர்சேகரிப்பு போன்ற துறைகளில் உழைத்தவர்களுக்கும் அதில் இடமுண்டு. எல்லாக் கல்லூரிகளும் அதை மென்பொருள்காரர்களுக்கே கொடுக்கின்றன என்று கேள்விப்படும்போது வருத்தமாக இருக்கிறது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பெண்கள் உங்கள் மாணவர்களுக்குப் பாடம் சொன்னால் அதுவும் வகுப்புதான். அவர்களுக்கும் மதிப்பூதியம் கொடுங்கள், அன்றைக்கே கொடுங்கள். ஒரு முறை பேச அழைத்துவிட்டு, பேருந்துக் கட்டணத்தைக் கொடுக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள். டிக்கெட்டை ஒட்டிக் கொடு, பான் அட்டை கொடு, ரத்து செய்த காசோலை கொடு என்று கேட்டார்கள். அந்த அம்மாவுக்குக் காசோலைப் புத்தகமே கிடையாது. உங்கள் நிதி அலுவலரோடு உட்கார்ந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகத் தர ஒரு வழி கண்டுபிடி. சிறிய விஷயம் என்று அவர் சொல்வார், நீ விடாதே.

எழுதிக்கொண்டே போகிறேன், விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வைகாசி முதல் வாரத்தில் எங்கள் குளம் காய்ந்துவிடும். அளவைக் கருவியோடு ஒரு ஆசிரியரையும் நான்கு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு வா. திண்ணையிலும் மாடியிலும் படுக்க இடம் இருக்கிறது. மடை திறக்கும் பெரியவரிடம் சொல்லி வைக்கிறேன். பழைய கரைமட்டம் எது என்று காட்ட அவர் ஒருவர்தான் மிச்சம், அவருக்கும் எண்பது ஆகிறது. சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு எடுத்து வைக்கிறேன். எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் எழுது, அம்பாத்துரையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி