மிச்சச் சாப்பாடு வேண்டாம், மூலையில் கொஞ்சம் மண் கொடுங்கள்

துரைப்பாக்கம் முதல் சோழிங்கநல்லூர் வரை பழைய மகாபலிபுரம் சாலையோரம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நானும் உங்களைப் போல பிளாட்டில் இருப்பவன்தான். நான்கு வருடமாக, கண்ணகி நகர்ப் பெண்கள் பதினோரு பேரோடு சேர்ந்து, நண்பர் ஒருவர் வீடு கட்டாமல் போட்டிருந்த இரண்டு கிரவுண்டு மனையில் கீரையும் காயும் போட்டு வருகிறேன். விளைவதை விற்பதில்லை. புதனும் சனியும் அக்கம்பக்கத்தில் யாருக்குத் தேவையோ அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். தை பிறந்ததும் அந்த மனையில் கட்டட வேலை தொடங்குகிறது. இத்தனை நாள் அவர் கொடுத்ததே பெரிய மனசு. இனி எங்களுக்கு இடமில்லை. உங்கள் வளாகங்களில் கொஞ்சம் இடம் கேட்க வந்திருக்கிறேன்.

சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் குடியிருந்தவர்களை 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய இடம் கண்ணகி நகர். அங்கே அரிசிக்குப் பஞ்சமில்லை. 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. அதனாலேயே அங்கே யாருக்கும் சாப்பாட்டுக் குறை இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்களோடு தோட்டத்தில் நிற்கும் அக்கா ஒருவர் உங்களில் யாருடைய வளாகத்திலோ சமையல் வேலை செய்கிறார். ஒருநாள் பாத்தியில் களை எடுத்துக்கொண்டே சொன்னார்: "காலையில மூணு வீட்டுல காய் நறுக்குறேன் சார். எங்க வீட்டுல கத்திக்கு வேலையே இல்ல." அன்று சாயங்காலம் அவர் வீட்டு அடுப்பில் இருந்தது சோறும் ரசமும் மட்டும்.

ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை கிலோவுக்கு மேல். 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்தப் பாதிக்கு மேற்பட்டவர்களில் பலர் தினமும் உங்கள் லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள்.

விருந்து முடிந்ததும் மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தனுப்பும் நல்ல மனசு உங்களில் பலருக்கு உண்டு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நேற்றைய பிரியாணியைவிட, காலையில் அறுத்த அரைக்கீரைக் கட்டு ஒன்று அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதிகம் செய்யும்.

எங்கள் மனை முதலில் செங்கல் ஜல்லியும் ரப்பிஷும் கொட்டிய இடம். போர் தண்ணீர் உப்பு. முதல் ஐப்பசியில் பெய்த மழையில் சிறுகீரை முழுக்க அழுகிப்போனது. பாத்தியைக் கையால் வழித்து எடுத்தோம். அப்புறம்தான் முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினோம். மழைக்காலத்துக்குத் தண்ணீர் நின்றாலும் தாங்கும் பொன்னாங்கண்ணி, வல்லாரை. மழை விட்டதும் முளைக்கீரை, வெண்டை, கத்தரி. முளைக்கீரை விதைத்த இருபத்தைந்தாம் நாள் பிடுங்கலாம். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். விடியலில் அதை அறுக்கும்போது தண்டிலிருந்து எழும் பச்சை வாசனைக்காகவே அந்த அக்கா ஐந்தரைக்கே வந்துவிடுவார், ஆறரைக்கு உங்கள் வாசலில் நிற்க வேண்டுமே.

உங்கள் வளாகங்களில் நான் பார்த்த வரை, சுற்றுச்சுவர் ஓரத்திலும் பார்க்கிங்குக்குப் பின்னாலும் புல்கூட முளைக்காத துண்டு நிலம் கிடக்கிறது. அதைப் பயிர் வைக்கக் கொடுங்கள். ஈரக்கழிவையும் கொடுங்கள். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் மட்கும் குப்பையை இயன்றவரை உள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016-ல் வந்த விதியே சொன்னது. உங்களுக்குச் சுமையாக இருப்பது எங்களுக்கு உரம். உங்கள் வளாகத்தில் சுத்திகரித்த கழிவுநீரை மட்டும் கீரைக்கு விட மாட்டோம். வாழைக்கும் முருங்கைக்கும் அது போதும்.

போன வருடம் ஒரு சங்கம் சரி என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கியது. "வெளியாட்கள் உள்ளே வருவார்கள்" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அது என்னை இன்றுவரை உறுத்துகிறது. அந்த வெளியாட்கள் கையில்தான் நம் வீட்டுச் சாவி இருக்கிறது. நம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கீரை வாங்க வருபவர்களைப் படம் எடுக்காதீர்கள். நாங்கள் பேர் எழுதுவதில்லை, கார்டு கேட்பதில்லை. கட்டுகளைச் சாக்கின்மேல் பரப்பிவிட்டுத் தள்ளி நிற்போம். யார் எத்தனை எடுக்கிறார்கள் என்று எண்ணியதே இல்லை, ஒருநாளும் கடைசி ஆளுக்கு இல்லாமல் போனதும் இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். மார்கழி முடிவதற்குள் பதில் வந்தால், மண்ணைக் கூடை கூடையாக அள்ளி எடுத்து வந்துவிடுவோம். நான்கு வருடம் வளர்த்த மண் அது. கத்தரி நாற்று இப்போதே நான்கு இலை விட்டிருக்கிறது.

அன்புடன்,
துரைப்பாக்கத்திலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரன்